இல்லாதவர்களுக்குப் போர்வை தைக்க ஒரு மகளிர் குழுவைத் தயார் செய்வது எப்படி: முழுமையான வழிகாட்டி

கன்னியாகுமரி மாவட்டத்தில் திங்கள்சந்தைப் பக்கத்தில் எங்கள் குழு துண்டுத்துணிப் போர்வை தைத்துக் கொடுக்கத் தொடங்கிய பிறகு, பக்கத்து ஊர்க் குழுக்கள் சிலவற்றுக்கும் போய்ச் சொல்லிக் கொடுத்திருக்கிறேன். பாதியில் நின்ற குழுக்களையும் பார்த்தேன். எங்கேயும் மனமில்லாமல் நிற்கவில்லை. முதல் நாள் எல்லோருக்கும் ஆசை இருந்தது. மூன்று மாதம் ஆகியும் ஒரு போர்வைகூட முழுசாக முடியாததால்தான் ஒவ்வொருவராக வராமல் போனார்கள்.

அதனால் இந்த வழிகாட்டியில் எல்லா ஏற்பாடும் ஒரே நோக்கத்துக்குத்தான்: முதல் போர்வை சீக்கிரம் முடிய வேண்டும். படிகளின் வரிசையை மாற்றாதீர்கள். நான் பார்த்த தவறுகளில் பாதி, நல்ல வேலையை முந்திச் செய்ததால் வந்தவை.

1. யாருக்கு என்பதை முதலில் முடிவு செய்யுங்கள்

புதிதாகத் தொடங்குபவர்கள் முதலில் செய்வது, "பழைய துணி இருந்தால் கொடுங்கள்" என்று ஊரில் சொல்லிவிடுவது. ஒரே வாரத்தில் திண்ணை நிறைந்துவிடும். யாருக்கு, எந்த அளவில், எத்தனை என்று தெரியாமல் அந்தக் குவியலைப் பார்த்தாலே சோர்வு வரும்.

முதலில் இரண்டு பேர் நேரில் போய்க் கேளுங்கள். முதியோர் இல்லம், பிள்ளைகள் காப்பகம், பேச்சிப்பாறைக்கு மேலே உள்ள காணிப் பழங்குடி மக்களின் குடியிருப்புகள், மழைக்குப் பள்ளிக்கூடத்தில் தங்க வேண்டி வருகிற கடற்கரைக் குடும்பங்கள் என்று நம் மாவட்டத்தில் தேவை பல விதம். முதல் சுற்றுக்கு ஒரே ஒரு இடத்தை மட்டும் எடுங்கள்.

கேட்க வேண்டியவை: எத்தனை பேர், கட்டிலா பாயா, யார் துவைக்கிறார்கள், கையாலா மெஷினிலா, பழைய துணியில் தைத்ததை வாங்கிக்கொள்வார்களா. கடைசிக் கேள்வியைக் கேட்கக் கூச்சப்படாதீர்கள். சில இடங்களில் புதுத்துணி மட்டும்தான் எடுப்பார்கள், மருத்துவமனை வார்டுகளில் வெளித்துணியே வேண்டாம் என்றும் சொல்லலாம். தைத்த பிறகு இது தெரியவந்தால் குழு அதோடு முடிந்தது.

கைக்குழந்தைகளுக்கு என்று தொடங்க வேண்டாம் என்பது என் கருத்து. ஒரு வயதுக்குள் உள்ள பிள்ளை தூங்கும்போது தளர்வான போர்வை முகத்தை மூடிவிடும் ஆபத்து உண்டு. செவிலியர்கள் கேட்டு, அவர்கள் சொன்ன அளவில் மட்டும் தையுங்கள்.

2. மழையைப் பார்த்துக் காலம் குறியுங்கள்

நம் மாவட்டத்துக்கு இரண்டு மழை. ஜூனில் தொடங்குகிற தென்மேற்கு ஒன்று, ஐப்பசி, கார்த்திகையில் வடகிழக்கு ஒன்று. இந்த மாதங்களில் துணி அலசினால் காயாது. காயாத துணியை மடித்து வைத்தால் கரும்புள்ளி விழும், அப்புறம் எதற்கும் உதவாது.

தை மாதத்தில் துணி சேர்த்து, மாசி, பங்குனி வெயிலில் அலசிக் காயவைத்து, சித்திரை, வைகாசியில் தைத்து, ஆனி மழைக்கு முன் கொண்டுபோய்க் கொடுப்பதுதான் எங்களுக்குச் சரியாக வந்த கணக்கு. மாசியில் மண்டைக்காடு அம்மன் கோயில் கொடைவிழா வரும், பிள்ளைகளுக்குப் பரீட்சையும் வரும். அந்த நாட்களில் கூட்டம் வைக்காமல் அலசும் வேலையை மட்டும் வீடுகளுக்குப் பிரித்துக் கொடுங்கள்.

கூடும் நேரத்தை உங்கள் வசதிக்கு வைக்காதீர்கள். அண்டி ஆபீசுக்கு, அதாவது முந்திரி ஆலைக்குப் போகிறவர்கள் சாயங்காலம்தான் திரும்புவார்கள். ரப்பர் பால் வெட்டப் போகிறவர்கள் விடியும் முன்பே எழுந்தவர்கள், இரவு உட்கார முடியாது. எங்களுக்கு ஞாயிறு மதியம் மூன்று மணி பொருந்தியது. இரண்டு மணி நேரத்துக்கு மேல் இழுக்க வேண்டாம். நேரத்துக்கு முடிந்தால்தான் அடுத்த வாரமும் வீட்டில் விடுவார்கள்.

3. கூட்டத்துக்கு முன் ஒரு போர்வையை நீங்களே முடியுங்கள்

இந்தப் படியைத்தான் எல்லோரும் விடுகிறார்கள். தையல் தெரிந்த இரண்டு பேர் சேர்ந்து மாதிரிப் போர்வை ஒன்றை முழுசாகத் தைத்து, ஓரம் அடித்து, அலசி, மடித்து வைத்திருக்க வேண்டும்.

காரணம் இரண்டு. நம் ஊரில் சுடிதாரும் ஜாக்கெட்டும் தைக்கத் தெரிந்தவர்கள் நிறைய உண்டு. ஆனால் துண்டு சேர்த்துத் தைத்த போர்வையைக் கையில் பிடித்துப் பார்த்தவர்கள் குறைவு. வாயால் சொன்னால் பழந்துணி ஒட்டுப்போட்டது என்றுதான் நினைப்பார்கள். தொட்டுப் பார்த்தால் அந்த நினைப்பு மாறிவிடும். இரண்டாவது, எந்த இடத்தில் துணி இழுக்கிறது, எவ்வளவு நூல் ஆகிறது என்பதெல்லாம் உங்களுக்கே அப்போதுதான் தெரியும்.

4. அளவு: இதை மட்டும் மாற்றாதீர்கள்

ஐந்தரை மீட்டர் சேலை ஏறக்குறைய 216 இஞ்சு நீளம். மூன்றாக வெட்டினால் 72 இஞ்சுத் துண்டு மூன்று கிடைக்கும். அகலம் 45 இஞ்சு அளவில் இருக்கும். ஒரு போர்வைக்கு, துண்டு சேர்த்த மேல்துணிக்குக் கீழே அடித்துணி ஒன்று, நடுத்துணி ஒன்று வேண்டும். ஆக, இரண்டு நல்ல சேலையில் மூன்று போர்வைக்கு அடியும் நடுவும் கிடைத்துவிடும். பஞ்சு வேண்டாம். நம் ஊர்க் குளிருக்கு மூன்று மடிப்புப் பருத்தி போதும். பஞ்சு வைத்தால் கையால் துவைப்பவர்களுக்குத் தண்ணீர் ஏறிய கனம் தாங்காது, மழையில் காயவும் காயாது.

மேல்துணிக்கு 7 இஞ்சு சதுரக் கட்டங்கள். சேரும் பக்கம் ஒவ்வொன்றிலும் அரை இஞ்சு தையலுக்குப் போகும். இதேபோல் துண்டு சேர்த்துக் குயில்ட் தைக்கும் வெளிநாட்டுக் குறிப்புகளில் கால் இஞ்சு என்றுதான் இருக்கும். நம் பெண்களின் கை அரை இஞ்சுக்குப் பழகியது, பழைய துணிக்கும் அதுதான் பிடிப்பு. கால் இஞ்சில் தைத்தால் பழைய துணி சீக்கிரம் பிரிந்துவிடலாம்.

11 கட்டம் சேர்த்தால் ஒரு வரிசை, நீளம் 67 இஞ்சு. 7 வரிசை சேர்த்தால் அகலம் 43 இஞ்சு. மொத்தம் 77 கட்டம். அடித்துணி 45க்கு 72 என்பதால் நாலு பக்கமும் கொஞ்சம் வெளியே நிற்கும், அது வேண்டும்.

இந்த அளவை நான் பிடித்துக்கொள்வதற்கு முக்கிய காரணம் தையல் இல்லை, ஆள் கணக்கு. ஒருவருக்கு ஒரு வரிசை. ஏழு பேர் ஒரு வரிசை வீதம் கொண்டுவந்தால் ஒரு போர்வை. "உன்னால் எத்தனை போர்வை தைக்க முடியும்" என்று கேட்டால் எல்லோரும் தலை குனிவார்கள். "பதினோரு கட்டம் சேர்த்துத் தருவாயா மக்களே" என்று கேட்டால் இல்லை என்று சொல்பவர் அபூர்வம்.

5. துணியைக் கேட்பதும் கழிப்பதும்

இப்போதுதான் துணி கேட்க வேண்டும். அதுவும் பொதுவாகக் கேட்காமல், "கிழியாத பருத்திச் சேலை, சாரம் (லுங்கி), ஆண்கள் சட்டை" என்று குறிப்பாகக் கேளுங்கள். நல்ல நிலையில் உள்ள ஒரு சாரத்தில் 60 கட்டம் வரை வெட்டலாம். தையல் கடைகளில் சுடிதார் வெட்டிய மிச்சம் கிடைக்கும். ஜாக்கெட் மிச்சம் பெரும்பாலும் 7 இஞ்சு வராது, ஆசைப்பட்டு மூட்டையாக வாங்கி வராதீர்கள்.

பருத்திதானா என்று சந்தேகம் வந்தால் ஓரத்திலிருந்து ஒரு நூலை உருவி நெருப்பில் காட்டுங்கள். பருத்தி காகிதம் எரிந்த மணத்தோடு சாம்பலாகும். பாலியஸ்டர் உருகிக் கெட்டியான மணியாக நிற்கும். பாலியஸ்டரைக் கழித்துவிடுங்கள். வியர்வையை உறிஞ்சாது, தைக்கும்போது வழுக்கி வரிசையைக் கோணலாக்கும்.

அப்புறம் துணியை வெளிச்சத்துக்கு எதிரே பிடியுங்கள். சேலையில் உட்காரும் பகுதியும் காலடியில் உரசும் கீழ்க்கரையும்தான் முதலில் நைந்து போகும். இரண்டு பெருவிரலால் இழுத்துப் பார்த்து இழை விலகினால் அந்தப் பகுதியை விடுங்கள். ஜரிகை, கண்ணாடி, மணி, பட்டன் எதுவும் வேண்டாம். படுக்கையிலேயே இருப்பவர்களின் தோலில் சின்ன உரசல்கூடப் புண்ணாகும்.

கழிப்பதைத் துணி கொடுத்தவர் முன்னால் செய்யாதீர்கள். மனம் நொந்தவர் அடுத்த முறை கதவே திறக்கமாட்டார்.

இன்னொரு விஷயம் இருக்கிறது, இதை மெதுவாகக் கையாள வேண்டும். சிலர் இறந்துபோன அம்மாவின் சேலையைக் கொண்டு வருவார்கள். எங்கள் குழுவில் ஒரு அக்கா அப்படிக் கொண்டுவந்த சேலையை நான் மற்றவற்றோடு சேர்த்து அடுக்கிவிட்டேன். வேறொருவர் கத்தரி எடுத்ததும் அவர் எழுந்து வெளியே போய்விட்டார். அன்றிலிருந்து வழக்கத்தை மாற்றினோம். அந்தச் சேலையைக் கொண்டு வந்தவரே வெட்ட வேண்டும், எந்த வரிசையில் வர வேண்டும் என்றும் அவரே சொல்ல வேண்டும். வெட்ட மனம் வராவிட்டால் அதை அப்படியே அடித்துணியாக வைக்கலாம். வாங்குபவர்கள் அப்படிப்பட்ட துணி வேண்டாம் என்று சொன்ன இடமாக இருந்தால், அதையும் முதலிலேயே சொல்லிவிடுங்கள்.

6. அலசாமல் வெட்டாதீர்கள்

பருத்தி முதல் அலசலில் சுருங்கும், சாயமும் விடும். வெட்டித் தைத்த பிறகு சுருங்கினால் ஒரு கட்டம் இழுத்து மற்றது தொங்கும். அதனால் புதுத்துணியாக இருந்தாலும் முதலில் அலசுங்கள்.

சிவப்பு, மெரூன், கருநீலம், சுங்குடி ஆகியவற்றைத் தனித்தனியாக ஊறவையுங்கள். அப்புறம் நனைந்த வெள்ளைத் துணியால் அழுத்தித் தேய்த்துப் பாருங்கள். வெள்ளையில் சாயம் பிடித்தால் இன்னொரு தடவை அலசுங்கள். மூன்று தடவைக்கும் நிற்காவிட்டால் அந்தத் துணியை விட்டுவிடுங்கள். எங்கள் இரண்டாவது போர்வையில் ஒரே ஒரு சிவப்புக் கட்டம் சுற்றியிருந்த எட்டுக் கட்டத்தையும் கெடுத்தது.

காய்ந்ததும் இஸ்திரி போட்டு, ஒரே அட்டை வைத்து வெட்டுங்கள். 7 இஞ்சு அட்டையை ஒருவர் மட்டும் வெட்டிக் கொடுக்க வேண்டும். ஆளுக்கு ஒரு அட்டை செய்தால் ஒவ்வொன்றும் நூலளவு மாறும், 11 கட்டம் சேரும்போது அந்த நூலளவு ஒரு இஞ்சு ஆகிவிடும். கோட்டின் மேலேயே வெட்ட வேண்டும், கோட்டுக்கு வெளியே வெட்டக் கூடாது. இதை வாயால் சொன்னால் போதாது, வெட்டிக் காட்டுங்கள்.

7. முதல் கூட்டம்

பேச்சு பத்து நிமிடம். மாதிரிப் போர்வையை முதலில் கை மாற்றிப் பார்க்க விடுங்கள். அப்புறம் யாருக்குக் கொடுக்கப் போகிறோம், அங்கே எத்தனை பேர், அவர்கள் என்ன கேட்டார்கள் என்பதைப் பார்த்துவிட்டு வந்தவர்களே சொல்லட்டும். "இல்லத்தில் 14 பேர், எல்லோரும் கட்டிலில், இரண்டு பெரியம்மாக்களுக்குக் கால் மரத்துப்போகிறது" என்ற அளவு விவரம் போதும். அனுதாபத்தைக் கூட்டிச் சொல்லிப் பணம் கேட்பதுபோல் ஆக்கிவிடாதீர்கள்.

பேச்சு முடிந்த உடனே கையில் வேலை கொடுங்கள். எண்ணி வைத்த 11 கட்டம், ஊசி, நூல் எல்லாம் ஒரு பையில் தயாராக இருக்கட்டும். முதல் நாளே இரண்டு கட்டமாவது சேர்த்துவிட்டுத்தான் வீட்டுக்குப் போக வேண்டும். "அடுத்த வாரம் தொடங்கலாம்" என்று அனுப்பினால் பாதிப் பேர் வரமாட்டார்கள்.

தைக்கத் தெரியாதவர்களுக்கு முன்பே வேலை யோசித்து வையுங்கள். கோடு போடுவது, இஸ்திரி, நிறம் பார்த்து அடுக்குவது, ஊக்குக் குத்துவது, கண் தெரியாத பெரியவர்களுக்கு ஊசியில் நூல் கோத்துக் கொடுப்பது. தோவாளைப் பக்கம் பூக்கட்டிப் பழகிய ஒரு மைனி (அண்ணி), ஊசி பிடித்ததில்லை என்று தயங்கி நின்றார். நிறம் அடுக்கும் வேலையைக் கொடுத்தோம். இன்றுவரை எங்கள் போர்வைகளின் அழகு அவருடைய கண்தான்.

எத்தனை போர்வை என்ற இலக்கைச் சுவரில் எழுதாதீர்கள். யார் எத்தனை வரிசை தந்தார் என்ற பட்டியலும் வேண்டாம். வீட்டில் நோயாளி இருப்பவரும் வேலைக்குப் போய் வருபவரும் அந்தப் பட்டியலைப் பார்த்தே நின்றுவிடுவார்கள். கணக்கு ஒரு நோட்டில் இருந்தால் போதும்.

செலவையும் அந்த நோட்டிலேயே எழுதுங்கள். நூல், ஊசி, ஊக்கு, ஆட்டோ, அவ்வளவுதான். சுய உதவிக் குழுவாக இருந்தால் சேமிப்பு, கடன் கணக்கோடு இதைக் கலக்கவே கூடாது. பத்து ரூபாய்க் குழப்பத்தில் நல்ல உறவு கெட்டதைப் பார்த்திருக்கிறேன்.

8. வீட்டுக்குக் கொடுத்தனுப்புவது

ஒரு வரிசைக்கு ஒரு வாரம். மெஷின் இருந்தால் ஒரு மணி நேர வேலைதான். கையால் தைப்பவர்களுக்கு ஓட்டுத் தையல் போதும், ஆனால் ஒவ்வொரு நாலு தையலுக்கும் ஒரு தடவை பின்னோக்கிக் குத்தி எடுக்கச் சொல்லுங்கள். நூல் ஓரிடத்தில் அறுந்தாலும் முழுவதும் பிரியாது.

திரும்பி வந்த வரிசையை 67 இஞ்சு நீளக் குச்சியோடு வைத்துப் பாருங்கள். அரை இஞ்சு கூடக் குறைய இருந்தால் விட்டுவிடலாம், இணைக்கும்போது சமாளிக்கலாம். அதற்கு மேல் போனால் திருத்த வேண்டும். எல்லோர் முன்னாலும் பிரிக்காதீர்கள், அவருக்குத் தெரியாமல் பிரித்தும் தைக்காதீர்கள். தன் தையல் மாறியிருப்பது தைத்தவருக்குப் பார்த்ததும் தெரிந்துவிடும். பக்கத்தில் உட்கார்ந்து, "அக்கா, இந்த மூணு கட்டம் மட்டும் சேர்ந்து பார்க்கலாமா" என்று கேட்டால் போதும்.

யாராவது ஒருவருடைய வரிசை வராமல் போகும். காய்ச்சல், கல்யாணம், சாவு என்று ஏதாவது வரும். அதற்காகக் கூடுதலாக இரண்டு வரிசை எப்போதும் தைத்து வைத்திருங்கள். ஆறு பேர் வேலை ஒருவருக்காகக் காத்துக் கிடந்தால், வராதவரும் வெட்கத்தில் வரமாட்டார், வந்தவர்களும் சலித்துப்போவார்கள்.

9. சேர்ப்பதும் அடுக்குவதும்

ஏழு வரிசையையும் தரையில் பரப்பி, ஒரே நிறம் பக்கத்தில் வராமல் மாற்றி வைத்துப் பாருங்கள். இதற்கு அரை மணி நேரம் ஒதுக்குங்கள், எல்லோரும் ரசித்துச் செய்வது இதைத்தான். இணைக்கும் வேலையை ஒருவரே மெஷினில் செய்வது நல்லது. மிதி மெஷின் என்றால் கரண்ட் போனாலும் வேலை நிற்காது.

அடுக்கும் முறை: துடைத்த தரையில் அடித்துணியை உள்பக்கம் மேலே தெரியும்படி விரித்து, ஓரங்களை டேப் போட்டு ஒட்டுங்கள். அதன்மேல் நடுத்துணி, அதன்மேல் கட்டத்துணி. நடுவிலிருந்து வெளியே தடவிச் சுருக்கம் எடுங்கள். ஓரத்திலிருந்து உள்ளே தடவினால் சுருக்கமெல்லாம் நடுவில் வந்து சேரும். ஒரு சாண் இடைவெளியில் ஊக்குக் குத்துங்கள்.

கடற்கரை ஊர்களில் இருப்பவர்களுக்கு ஒரு எச்சரிக்கை. உப்புக் காற்றில் ஊக்கு சீக்கிரம் துருப்பிடிக்கும், அந்தக் கறை போகாது. குத்திய அன்றே பெரிய பெரிய ஓட்டுத் தையல் போட்டு ஊக்கை எடுத்துவிடுங்கள். ஒரு குழுவில் இரண்டு வாரம் ஊக்கோடு மடித்து வைத்த போர்வையை முழுதும் பிரிக்க வேண்டி வந்தது.

அப்புறம் கட்டங்கள் சேரும் கோடுகளிலேயே மூன்று துணியும் பிடிக்கும்படி தைக்க வேண்டும். நீளவாக்கில் 6 கோடு, குறுக்கே 10 கோடு. மெஷினில் என்றால் 16 நம்பர் ஊசி போட்டு, தையல் நீளத்தைக் கொஞ்சம் கூட்டி வையுங்கள். ஆனால் என்னைக் கேட்டால், முதல் போர்வைக்காவது இதைக் கையால் செய்யுங்கள். ஆறு பேர் ஒரு துணியைச் சுற்றி உட்கார்ந்து, ஆளுக்கு ஒரு கோடு தைத்துக்கொண்டே பேசும் அந்த இரண்டு மணி நேரத்துக்காகவே எங்களில் பலர் வருகிறார்கள். மெஷினில் சீக்கிரம் முடியும் என்று அதை விட்டுவிட்ட ஒரு குழுவில் ஆள் குறைந்ததைப் பார்த்தேன்.

10. ஓரமும் கடைசி அலசலும்

வெளியே நிற்கும் துணியைக் கட்டத்துணியின் அளவுக்கு வெட்டிவிட்டு, இரண்டரை இஞ்சுப் பட்டையால் ஓரம் மூடுங்கள். சுற்றளவு 220 இஞ்சு. கிழிந்த சேலையிலும் மேல்கரை பெரும்பாலும் நன்றாகவே இருக்கும், ஜரிகை இல்லாத கரை என்றால் அருமையான ஓரப்பட்டை. ஒரு கரையோடு ஒரு சாண் துண்டு சேர்த்தால் முழுச் சுற்றும் வந்துவிடும். மூலைகளில் இரட்டைத் தையல் போடுங்கள். போர்வையை இழுப்பவர்கள் மூலையைப் பிடித்துத்தான் இழுப்பார்கள்.

முடிந்ததும் ஒரு தடவை அலசி, இரண்டு பக்கமும் வெயில் காட்டி, தொங்கும் நூலெல்லாம் வெட்டுங்கள். பிளாஸ்டிக் கவரில் வைக்காதீர்கள், ஈரம் உள்ளேயே நின்று மணம் வரும். பழைய தலையணை உறை போதும்.

11. கொண்டுபோய்க் கொடுக்கும் நாள்

எல்லாம் முடியட்டும் என்று காத்திருக்க வேண்டாம். முதல் இரண்டு போர்வை ஆனதுமே, எந்த இரண்டு பேருக்கு முதலில் தேவை என்று இல்லத்தாரிடம் கேட்டு, கொண்டுபோய்க் கொடுங்கள். மூன்று பேர் போனால் போதும். ஒவ்வொரு முறையும் வேறு மூன்று பேர், அதில் ஒருவராவது அதிகம் பேசாதவராக இருக்கட்டும். திரும்பி வந்து அவர் சொல்வதை எல்லோரும் காது கொடுத்துக் கேட்பார்கள்.

வாங்குபவர் முகத்தோடு போட்டோ எடுக்காதீர்கள். பேனர், மேடை, விருந்தினர் எதுவும் வேண்டாம். கட்டிலில் படுத்திருப்பவர் கை நீட்டி வாங்கும் படம் நமக்கு நினைவாக இருக்கலாம், அவருக்கு அப்படி இருக்காது. போர்வையைத் தனியாகப் படம் எடுத்துக்கொள்ளுங்கள்.

கொடுத்துவிட்டு உடனே கிளம்பாமல் ஒரு மணி நேரம் உட்காருங்கள். ஒரு மாதம் கழித்து இன்னொரு தடவை போய், எப்படி இருக்கிறது என்று கேளுங்கள். எங்களுக்கு அப்படிக் கேட்டுத்தான் தெரிந்தது: கூடுதல் கருப்பு, சாம்பல் கட்டங்கள் வந்த போர்வையை ஒரு தாத்தா ஒதுக்கி வைத்திருந்தார். நிறம் பிடிக்கவில்லை என்று சொல்ல அவருக்குத் தயக்கம். மாற்றிக் கொடுத்தோம். அதன்பின் இருண்ட கட்டங்களை ஒரு போர்வைக்குப் பத்துக்கு மேல் வைப்பதில்லை.

கேட்டு வந்ததை நல்லதும் குறையுமாக அடுத்த கூட்டத்தில் ஐந்து நிமிடம் சொல்லுங்கள். குறையை மறைத்தால் குழு தனக்காகத் தைப்பதாகிவிடும்.

12. அடுத்த சுற்றுக்கு முன்

பதினான்கு போர்வை முடிந்த மறுவாரமே புதுப் பட்டியல் நீட்டாதீர்கள். எங்களுக்கு மழை மாதங்கள் இயல்பாகவே ஓய்வாகிவிடுகின்றன. அந்த நாட்களில் அலசிக் காய்ந்த துணி மிச்சம் இருந்தால், விருப்பப்பட்டவர்கள் மட்டும் வீட்டிலிருந்தபடி வரிசை சேர்க்கலாம். வேப்பிலைச் சருகு போட்டுத் தகரப் பெட்டியில் வையுங்கள், மழை விட்ட நாளில் எடுத்து வெயில் காட்டுங்கள்.

இடையில் நின்றுபோனவர்களின் வீட்டுக்கு இந்த ஓய்வில் ஒரு நடை போய் வாருங்கள். ஏன் வரவில்லை என்று கேட்க வேண்டாம். பையில் 11 கட்டம் இருக்கட்டும். பேச்சு முடிந்து எழும்போது அவர் கேட்டால் கொடுத்துவிட்டு வாருங்கள். கேட்காவிட்டால், மாசியில் அலசும் வேலைக்குக் கூப்பிடுங்கள்.